எட்டு நாள் சொந்தக்காரர்

ரிக் வெர்லிண்டனை நான் ஐந்து கிலோ உருளைக்கிழங்கால் அடித்தேன். தெருவில் பத்து கிலோ என்கிறார்கள், ஒருத்தி மண்வெட்டி என்றே சொல்லிக்கொண்டு திரிகிறாள். நம்பாதீர்கள். வலைப்பையில் கட்டிய ஐந்து கிலோ, அதுவும் பட்டப்பகல் மூன்று மணிக்கு, என் கடையின் நிலவறையில். என் நிலவறை என்று சொன்னேன் அல்லவா, வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆண்ட்வெர்ப்பில் ரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. நானும் என் வீட்டுக்காரர் ஃபிஷலும் மதுக்கடை வைத்திருக்கிறோம். வைத்திருப்பது நான். அவர் காலையில் பாடசாலையில் எங்கள் யூத மதச் சட்டம் படித்துவிட்டு, மத்தியானம் வந்து தூங்கிவிட்டு, சாயங்காலம் வாடிக்கையாளர்களோடு அதே சட்டத்தை விவாதிப்பார். கடைக்குக் கீழே நிலவறை, அதில் அறுநூறு பாட்டில் விஸ்கி, அதற்கு மேல் பீர், பிஸ்கட் பெட்டிகள். அந்த அறுநூறு பாட்டில்தான் எங்கள் சோறு.

எங்கள் பஸ்கா பண்டிகை வந்தால் இதில் ஒரு சொட்டுகூட எங்களுடையதாக இருக்கக்கூடாது. தானியம் புளித்து உண்டானதை அந்த எட்டு நாளும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது என்பதோடு சட்டம் நிற்பதில்லை, சொந்தமாகவே வைத்திருக்கக்கூடாது. யூதன் கையில் இருந்தபடி பஸ்காவைக் கடந்த விஸ்கியைப் பண்டிகை முடிந்த பிறகும் விற்க முடியாது. சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். அதனால் பண்டிகைக்கு முதல் நாள் காலையில் எங்கள் மதகுரு ரப்பி ரொட்னர் தெருவில் உள்ள எல்லோருடைய சரக்கையும், அது இருக்கும் இடத்தையும் சேர்த்து, பத்திரம் எழுதி யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுவார். எட்டு நாள் கழித்துத் திரும்ப வாங்கிவிடுவார். இருபத்தோரு வருஷமாக வாங்குகிறவர் ரிக்தான்.

ரிக் டிராமில் நடத்துநராக இருந்தவர். விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி வாழ்கிற மனுஷன். தன் சொந்த அண்ணனுக்கே டிக்கெட் இல்லை என்று அபராதம் போட்டவர் என்று கேள்வி. ஒவ்வொரு வருஷமும் கோட்டு போட்டுக்கொண்டு வருவார், கையெழுத்துப் போடுவார், ரப்பியோடு கை குலுக்குவார், ஒரு ஆரஞ்சு சாப்பிடுவார், போய்விடுவார். ஒரு நாளாவது ஒரு பாட்டிலைத் தொட்டவர் இல்லை. நானும் நிலவறையில் சரக்குப் பக்கம் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, 'விற்கப்பட்டது' என்று எழுதி ஊசி குத்திவைப்பேன். விரிப்புக்கு இந்தப் பக்கம் உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை. பஸ்காவில் நாங்கள் வாழ்வது உருளைக்கிழங்கால்தான்.

இந்த வருஷம் ரிக் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை. பத்திரத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார்.

பண்டிகையின் நடுநாட்களில் ஒரு மத்தியானம். மேலே ஃபிஷல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி சீறிக்கொண்டிருந்தது, புகைபோக்கி விசிறி போட்ட கூச்சலில் வாசல் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு முறை அடித்தாராம். கிழங்கு தீர்ந்துபோகவே அடுப்பை அணைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினேன். பையைத் தூக்கிய நேரம் விரிப்புக்கு அந்தப் பக்கம் இரும்பு உரசுகிற சத்தம். நடைபாதையில் பீர்ப்பீப்பாய் இறக்குவதற்கு ஒரு திறப்பும், அதற்கு மூடியாக ஒரு இரும்புத் தகடும் உண்டு. அது திறக்கிறது. வெளிச்சம் விழுகிறது. விரிப்பை விலக்கிப் பார்க்கிறேன், இரண்டு கால் தொங்குகிறது.

பயந்துபோனேன், பொய் சொல்லவில்லை. கத்த வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. கால் இறங்கியது, இடுப்பு இறங்கியது, முதுகு இறங்கியது. பிறகு அந்த ஆள் இருமினார்.

நாற்பது வருஷம் நிறுத்தத்தின் பெயரைக் கத்திக் கத்தி ரிக்குக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு. மூன்று தரம், அடுத்தடுத்து. இருபத்தோரு வருஷமாக நான் கேட்கிற இருமல். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அப்போதுதான் அவர் கை அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. பதினெட்டு வருஷம் பழசான விஸ்கியின் கழுத்தைப் பிடித்தது. எனக்குக் கண் இருண்டது. என் பாட்டிலை எடுக்கிறான் என்ற ஒரே நினைப்புதான். கிழங்குப் பையை ஓங்கி அவர் தோளில் போட்டேன். அவர் முன்னால் சாய்ந்து தட்டில் நெற்றியை இடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி விரிசல் விட்டது. பாட்டிலை மட்டும் விடவில்லை.

"மேடம், நான்தான், ரிக்," என்றார் தரையில் உட்கார்ந்தபடி.

"அய்யோ, நீங்களா," என்றேன் நான். அந்த இரண்டு வார்த்தைதான் பிறகு என்னைப் படுத்தி எடுத்தது.

ஃபிஷல் காலுறையோடு ஓடி வந்தார். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்பார் என்று பார்த்தேன்.

"அடிக்கறதுக்கு முன்னாடி எச்சரிக்கை குடுத்தியா?" என்றார்.

"உங்களுக்கு எச்சரிக்கை குடுக்கறேன், போய் ஐஸ் கொண்டு வாங்க."

பஸ்காவில் பயறு வகையும் விலக்கு, அதனால் வீக்கத்தில் வைக்க எங்கள் வீட்டில் உறைந்த பட்டாணி கிடையாது. உறைந்த கெண்டை மீன் துண்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ரிக் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து ஏழாவது பிரிவைக் காட்டினார். வாங்கியவர் எந்த நேரத்திலும், எந்த வழியாகவும், தன் சரக்கிருக்கும் இடத்துக்குள் போகலாம்.

"மகளுக்குக் கொழந்தை பொறந்திருக்கு, மேடம். மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல பாட்டில் குடுக்கலாம்னு பாத்தேன். மணி அடிச்சேன், யாரும் வரல. எந்த வழியாகவும்னு எழுதியிருக்கு. வழி இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"சாவி?" என்றார் ஃபிஷல்.

பத்திரத்தோடு சேர்ந்த படிவத்தில், வாங்கியவர் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள, சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுத ஒரு கோடு உண்டு. தெருவில் எல்லோரும் பக்கத்து வீட்டுப் பெயரை எழுதுவார்கள். என் கோடு காலி. இருபத்தோரு வருஷமும் காலி. சாவி என் மேலங்கிப் பையில்.

ஃபிஷலுக்கு என்னைவிட அதிகக் கவலை, அதைவிட அதிகக் குஷி. படித்த சட்டம் முதல் தடவையாக வீட்டுக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது. தீர்ப்புக் கேட்க ரப்பி வீட்டுக்கு நடக்கும்போது எனக்காகவும் எனக்கு எதிராகவும் அவரே வாதாடினார்.

"சுவத்துல கன்னம் வெச்சு வீட்டுக்குள்ள வர்றவனை அடிக்கலாம். ஏன்? தன் சொத்தைப் பறிகொடுத்துட்டு எவனும் சும்மா நிக்க மாட்டான். அது திருடனுக்கும் தெரியும். தெரிஞ்சே வர்றான்னா, தடுத்தா கொல்றதுக்குத் தயாராத்தான் வர்றான். நிச்சயமாத் தெரிய வேண்டியதில்ல, சந்தேகம் இருந்தாலே போதும். நீ தப்பிச்ச, ஹிந்தா."

"அவ்ளோதானே," என்றேன்.

நாலடி நடந்தார். நின்றார். முகம் வெளுத்தது.

"தன் சொத்தை," என்றார். "தன் சொத்துக்காக அடிச்சேன்னு நீ சொன்னா, அது உன் சொத்துன்னு ஆகுது. உன் சொத்துன்னா விக்கல. விக்கலன்னா அறுநூறு பாட்டிலும் சாக்கடைக்கு."

"அப்ப ரிக்கோட சொத்துன்னு சொல்றேன்."

"ரிக்கோட சொத்துன்னா அவர் இடத்துக்குள்ள அவர் வந்தார். திருடன் யாரு? விரிப்பைத் தள்ளிட்டுப் போனது நீ."

ரிக் எங்களுக்கு முன்னால் மீனை நெற்றியில் பிடித்துக்கொண்டு, பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒழுங்காக நடைபாதையின் வலது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ரப்பி ரொட்னர் பண்டிகைக் கோட்டில், மேசை முழுக்க வாதுமை ஓடு இறைந்து கிடக்க உட்கார்ந்திருந்தார். ரிக்கின் நெற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்ததும் தன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் நகர்த்தினார்.

"அதை வெளித் திண்டுல வெச்சுட்டு வாங்க ரிக். என் வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

"வாசல்ல வெச்சா திருடு போயிடுமே, ரப்பி ஐயா."

"போனா உங்க சொத்துதானே போகுது," என்றார் ரப்பி, என்னைப் பார்த்துக்கொண்டே. கிழவர் என்னை ஆழம் பார்க்கிறார் என்று புரிந்தது.

நடந்ததை ஃபிஷல் சொன்னார். வாதமும் பிரதிவாதமும் அவரே சொன்னார். ரப்பி அவரைக் கையமர்த்திவிட்டு என்னைக் கேட்டார்.

"அடிக்கற நேரத்துல அந்தச் சரக்கு யாரோடதுன்னு நெனச்சம்மா?"

மேசைக்கடியில் ஃபிஷல் என் காலை மிதித்தார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கத் தெரியாது. இந்த முப்பது வருஷத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னோடதுன்னுதான்," என்றேன். "இருபத்தோரு வருஷமா ஒரு நாளும் அது ரிக்கோடதுன்னு நான் நெனச்சதில்ல, ரப்பி."

ஃபிஷல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அறுநூறு பாட்டில் சாக்கடையில் சலசலவென்று ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

ரப்பி ஒரு வாதுமையை உடைத்தார். "நெனப்பு என்ன வேணா நெனைக்கும். மனசுக்குள்ள இருக்கறதை சட்டம் கணக்குல எடுக்கறதில்ல. நீ கையெழுத்துப் போட்ட, இவர் கையெழுத்துப் போட்டார், கை குலுக்கியாச்சு. சரக்கு இவரோடது. வித்தது செல்லும்."

ஃபிஷல் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

"அப்ப சொத்தைக் காப்பாத்த அடிச்சேன்னு நீ சொல்ல முடியாது," என்று ரப்பி தொடர்ந்தார். "ஆனா நிலவறையில ஒத்தப் பொம்பள. மேலேருந்து யாரோ கால் தொங்குது. உசுருக்குப் பயந்து அடிச்சா அது வேற. வேற எடத்துல எல்லாம் சந்தேகம்னா கையை மடக்கிக்கணும். இப்படித் திறந்து உள்ள எறங்குறவன் விஷயத்துல மட்டும் சட்டம் அடிக்கறவ பக்கம் சாயுது, ஏன்னா சந்தேகத்தை உண்டாக்கினவனே அவன்தான். அதுவும் நீ கிழங்கால தோள்ல அடிச்ச, கத்தியால இல்ல. தேவைக்கு மேல போகல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வர்றவன் நமக்குக் கெடுதல் நெனைக்காதவன்னு சூரியன் மாதிரித் தெளிவாத் தெரிஞ்சா, சட்டம் ஒரு விரல்கூட வைக்க விடாது. யாருன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

விழுங்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. விழுங்கினேன்.

"கால்தானே ரப்பி தெரிஞ்சுது," என்றேன். பொய் இல்லை. கால் தெரிந்தது.

ரிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி. நீ ஒண்ணும் குடுக்க வேண்டியதில்ல," என்றார் ரப்பி.

ஃபிஷல் என்னைப் பார்த்துச் சிரித்தார். சரக்கும் தப்பித்தது, நானும் தப்பித்தேன். எழுந்து ஆடியிருக்க வேண்டும். அப்போது ரிக் மீனை மடியில் வைத்துவிட்டு, நெற்றியில் முட்டை அளவு வீக்கத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பயமுறுத்திட்டேன். பத்திரத்துல எழுதியிருக்குன்னு செஞ்சேன், மனுஷனா யோசிக்கல. அந்தப் பாட்டிலை நான் எடுத்துக்கல, திரும்ப வெச்சுடறேன். அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கங்க. எனக்கும் வயசாச்சு."

எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். ஒரு பொத்தான் தகடு வழியாக இறங்கும்போது அறுந்துபோயிருந்தது. அந்தக் காலி ஓட்டையில் விரல் தேடிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

"உக்காருங்க ரிக்," என்றேன். "ரப்பி, எனக்குத் தெரியும். இருமினார். இருமல்லயே தெரிஞ்சுது. அப்பறம்தான் அடிச்சேன். பயத்துல இல்ல. பாட்டிலைத் தொட்டார்னு அடிச்சேன்."

ஃபிஷல் பெருமூச்சு விட்டார். ரப்பி வாதுமையைக் கீழே வைத்தார்.

"அது எனக்கும் தெரியும் மேடம்," என்றார் ரிக்.

"என்ன தெரியும்?"

"நீங்க என் பேரைச் சொல்லித்தானே அடிச்சீங்க. 'வை அதை, ரிக்'னீங்க. வைக்கறதுக்குள்ள கிழங்கு வந்துடுச்சு."

எனக்கு அந்த வார்த்தை நினைவிலேயே இல்லை. ஆனால் என் வாயை எனக்குத் தெரியும், சொல்லியிருப்பேன்.

"கேட்டுட்டே உக்காந்திருந்தீங்களா?" என்றார் ரப்பி. "ஏன் சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கல, ரப்பி ஐயா. அவங்களைத்தான் கேட்டீங்க." கொஞ்சம் யோசித்தார். "சொன்னா மேடத்துக்குக் கஷ்டமாப் போயிடும்னும் பட்டுச்சு."

ரப்பி தாடியைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். வாயோரம் சிரிப்புதான் இருந்தது.

"பாத்துக்கம்மா. அடிபட்டும் உன் மானத்தைக் காப்பாத்தற மனுஷன். பெத்த தகப்பன் பிள்ளை வீட்டுக்குள்ள கன்னம் வெச்சு வந்தாக்கூட பிள்ளை கை ஓங்கக்கூடாதுன்னு சட்டம் சொல்லுது. தகப்பனோட மனசு சந்தேகமே இல்லாதது. இவர் அந்தச் சாதி. காயம், வலி, மருந்து, வேலை கெட்டது, மானம் போனது, அஞ்சுக்கும் நீ ஈடு குடுக்கணும். என்ன வேணும்னு அவரே சொல்லட்டும்."

குடுக்கிறேன் என்றேன். என்ன கேட்டாலும் குடுக்கிறேன் என்று மனதாரச் சொன்னேன். கண்ணாடி, கோட்டு, வைத்தியர், எதுவானாலும்.

ரிக் பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தார். விரிசல் கண்ணாடி வழியாக அந்தக் காலிக் கோட்டைத் தேடிப் பிடித்து விரலை வைத்தார்.

"சாவி," என்றார். "இருபத்தோரு வருஷமா வருஷத்துல எட்டு நாள் அந்த நிலவறை என்னோடது. ஒருத்தரும் எனக்குச் சாவி குடுக்கல."

என்ன கேட்டாலும் என்று சொன்ன வாய் அப்படியே நின்றது. மேலங்கிப் பைக்குள் கை போனது, வெளியே வரவில்லை. வைர மோதிரத்தைக் கேட்டிருந்தால் கழற்றியிருப்பேன். ஃபிஷல் என்னைப் பார்த்தார், ரப்பி என்னைப் பார்த்தார். மனசு கணக்கில் இல்லை என்று ரப்பி சொல்லிவிட்டார். ஆனால் அந்த நிமிஷம் என் மனசு முழுக்க அந்தக் கைக்குள்தான் இருந்தது.

பேனாவை எடுத்து, கோட்டில் 'ரிக் வெர்லிண்டனிடம்' என்று எழுதினேன். பிறகு சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை டிராமில் சில்லறையைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார்.

நாங்கள் மூவரும் திரும்பி நடந்தோம். வெளித் திண்டில் பாட்டில் பத்திரமாக இருந்தது, ரிக் எடுத்துக்கொண்டார். கடை வந்ததும் ரிக் முன்வாசல் வழியாகவே போய், தன் சாவியால் நிலவறைக் கதவைத் திறந்து, படியில் இறங்கி, கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். நான் சமையலறையில் நின்றேன். அடுப்பு அணைந்து கிடந்தது, கிழங்கு கீழே கிடந்தது, ஃபிஷல் பசி என்றார்.

"போய் எடுத்துட்டு வாயேன். கதவு பூட்டல, சும்மா சாத்தித்தான் இருக்கு," என்றார்.

போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். எடுத்தேன். பிறகு தட்டினேன்.

"யாரு?" என்றது கீழிருந்து குரல்.

"ஹிந்தா. உள்ள வரலாமா?"

பாட்டிலைப் பாட்டிலாக நகர்த்தி, பேரைப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல். நான் கதவுக்கு வெளியே, மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.